சிற்றிலும் சிறுதேரும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் பருவங்களைப் பத்தாக வகுத்தனர். காப்பு முதல் அம்புலி ஈறாகவுள்ள ஏழும் இருபாலார்க்கும் பொது. இறுதி மூன்றிலேயே வழி பிரிகின்றது. ஆண்பிள்ளை சிற்றில் சிதைப்பான், சிறுபறை முழக்குவான், சிறுதேர் உருட்டுவான். பெண்பிள்ளைக்கோ கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன உரியவாயின. ஆடலிற் பால் வேற்றுமை உண்டென்பதை முன்னோர் கண்டிருந்தனர். அவ்வேற்றுமை பிறப்பின் விதியா, பழக்கத்தின் பயனா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

யாழ்ப்பாணத்து முற்றங்களிற் சிறுமியர் இருவர் மூவராய் அமர்ந்து கொக்கான் வெட்டினர். சிறுவர் அணி பிரிந்து கிளித்தட்டு மறித்தனர். முன்னதில் முறை வரும்வரை காத்திருத்தலும் உரையாடலும் உண்டு. பின்னதில் அணியும் தலைவனும் வழக்கும் உண்டு. அமெரிக்கச் சிறுவரிடையே ஆராய்ந்த ஜனெற் லெவர் 1976 இல் இதனையொத்ததொன்றை எழுதினார். பிணக்கு எழுந்தபோது சிறுவர் விதியைப் பேசித் தீர்த்து மீண்டும் ஆடினர். சிறுமியரோ பெரும்பாலும் ஆட்டத்தையே நிறுத்தினர் என்பது அவர் கண்டது.

இதுகொண்டு, பெண்பிள்ளைக்கு நியாயம் பேச வராது என்று முடிவு கட்டுவோர் உளர். அது பொருந்தாது. கட்டங்கீறிக் கெந்தியாடும் சிறுமியர், கோட்டை மிதித்தவளை உடனே மறித்து விதி கூறி வாதாடுவதை மார்ஜரி குட்வின் தமது 2006 ஆம் ஆண்டு நூலில் விரித்துக் காட்டினார். பள்ளித் திடலிற் பிரிந்து நிற்கும் பிள்ளைகள் வீட்டயலில் அதனினும் மிகுதியாகக் கலந்தாடுவர் என்பதை 1993 இல் பாரி தோர்ண் எடுத்துரைத்தார். வகுப்பை ஆண் அணி, பெண் அணி எனப் பிரித்துப் போட்டி வைக்கும் ஆசிரியரும் அப்பிரிவை வளர்ப்பவரே.

எனவே, பழக்கம் தந்த குறையைப் பழக்கமே தீர்க்கும். நம் மாணவர் விவாத மேடையில் வெல்ல அறிவர். தந்தையை இழந்த தோழன் வகுப்புக்கு மீளும் நாளில், அவன் தோளிற் கைபோட்டுப் பந்தாட அழைக்கவும் அறிவர். அவ்வழைப்பும் அன்பே, ஆயினும் அருகிருந்து அவன் சொல்வதைக் கேட்கவும், ஓர் ஆறுதல் மொழி கூறவும் அறியாது திகைப்பர். அணியாட்டம் மறுக்கப்பட்ட சிறுமியோ, பலர் நடுவே தன் வழக்கை நிலைநாட்டும் பயிற்சியை இழக்கின்றாள். இருவர் இழப்பும் இல்லறத்திலும் அலுவலகத்திலும் பின்னர் வெளிப்படும்.

கீழ்வகுப்புகளிலேனும் இருபாலாரும் கலந்தாட ஆசிரியர் வழி செய்தல் வேண்டும். திடலமைக்கப் பொருளுதவும் பழைய மாணவர், மரநிழலில் நால்வர் அமர்ந்து பேசியாட ஓரிடமும் அமைத்துத் தருவாராக.