வளைவில் சாயும் வண்டி



கணக்கு வாத்தியாருக்கும் கார்ப் பட்டறைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கியவன் என் பழைய மாணவன் ஒருவன். ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்தவன்; இப்போது ஈப்போவில் வேலை. தீபாவளிக்குத் தோட்டத்திற்கு வந்தவன், தன் மைவி காரை என் வாசலில் நிறுத்தி, "சார், பின்னால குனிஞ்சு பாருங்க" என்றான். பின் சக்கரங்களுக்கு நடுவே, சிவப்புச் சாயம் பூசிய பருமனான இரும்புக் கம்பி ஒன்று புதிதாக மாட்டப்பட்டிருந்தது.

"இனிமே வளைவுல காடி சாயாது சார். ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும்."

மறுநாள் தாயாரை ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போனான். இறங்கி வரும்போது நல்ல மழை. ஒரு வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கி, வண்டி எதிர்த்தடத்தில் குறுக்காகப் போய் நின்றது. அந்த நேரத்தில் எதிரே லோரி எதுவும் வராதது அவர்கள் செய்த புண்ணியம். அன்று மாலையே அவன் தாயார் என் வீட்டுக்கு வந்துவிட்டார். "அந்தக் கம்பியக் கழட்டச் சொல்லுங்க சார். நீங்க சொன்னாக் கேப்பான்" என்று கண் கலங்கினார்.

கழற்றச் சொல்வதற்கு முன், அது என்னவென்று நான் தெரிந்துகொள்ள வேண்டாமா? பட்டறையில் கேட்டேன், புத்தகமும் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

இதைச் சாய்வுத் தடுப்புக் கம்பி எனலாம். பட்டறையில் 'ஸ்டெபிலைசர் பார்', 'ஸ்வே பார்' என்பார்கள். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் வில்லிரும்பு அது. ஈரத் துண்டைப் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரு கைகளும் எதிரெதிராகத் திரும்பினால் துண்டு முறுக்கேறும். இரண்டும் ஒரே பக்கம் திரும்பினால் முறுக்கேறாது. கம்பியும் அப்படித்தான். மேட்டில் இரு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அது சும்மா இருக்கும். வளைவில் கார் ஒரு பக்கம் சாய்ந்தால் முறுக்கேறி, சாய்வைத் தடுக்கும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கம்பியின் விறைப்பு, அதன் விட்டத்தின் நான்காம் அடுக்காகக் கூடும். 16 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் அதே அளவான 18 மில்லிமீட்டர் கம்பி போட்டால், கூடியது 2 மில்லிமீட்டர்தான், விறைப்போ 1.6 மடங்கு. 20 மில்லிமீட்டர் போட்டால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு! 'கொஞ்சம் தடிப்பாகத்தானே போட்டேன்' என்கிற பேச்சு இந்த இடத்தில் செல்லாது.

சரி, சாய்வு குறைந்தால் நல்லதுதானே? பாதிதான் உண்மை. கம்பி டயருக்குப் புதிதாகப் பிடிப்பைத் தருவதில்லை. வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் பாரத்தை எடுத்து வெளிப்பக்கச் சக்கரத்தின்மேல் இன்னும் கூடுதலாக ஏற்றுகிறது. பாரம் இரட்டிப்பானால் டயரின் பிடிப்பும் இரட்டிப்பாவதில்லை. ஆகவே எந்தப் பக்கம் கம்பியைத் தடிப்பாக்குகிறோமோ, அந்தப் பக்கத்து இரு டயர்களின் மொத்தப் பிடிப்பு குறைகிறது. முன்னால் தடித்தால், கார் திரும்ப மறுத்து நேராக ஓடப் பார்க்கும். பின்னால் தடித்தால், நன்றாகத் திரும்பும். அளவு மீறினால் வால் வெளியே வீசும். முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பொதுவாகத் திரும்பத் தயங்குபவை. அதனால்தான் பிள்ளைகள் பின்னால் கம்பி போடுகிறார்கள். காரணம் சரி, அளவுதான் தவறு.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1960-ஆம் ஆண்டு மாடலாக வந்த செவ்ரோலே கோர்வேர் காருக்கு இயந்திரம் பின்னால். முன்பக்கச் சாய்வுத் தடுப்புக் கம்பி அதில் வழக்கமான பாகமாக இல்லை. பின்பக்கம் வீசுகிறது என்று வழக்குகள் எழுந்தன. 1964 மாடலில் முன்கம்பி சேர்க்கப்பட்டது. 1965-இல் ரால்ப் நாடர் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியதுதான். அக்காலத்து மற்றக் கார்களைவிட அது மோசமானதல்ல என்று 1972-இல் வந்த அரசாங்க அறிக்கை கூறியது. யார் பக்கம் நியாயமோ, ஒரு கம்பி இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய பேச்சாயிற்று பாருங்கள்.

இனி நம் பையனுக்கு வருவோம். பட்டறையில் காரைத் தூக்கிப் பார்த்த சீனத் தவுக்கே, கம்பியைத் தொடவில்லை. பின் டயரை விரலால் தடவிக் காட்டினார். பள்ளங்களே இல்லை, வழுக்கை! விசாரித்தால், டயருக்கென்று வைத்திருந்த பணத்தில்தான் கம்பி வாங்கியிருக்கிறான். காய்ந்த சாலையில் கார் சாயாமல் போனதும் இவனுக்குத் துணிச்சல் வந்தது, வேகமும் கூடியது. சாய்வு என்பது கார் நமக்குச் சொல்லும் எச்சரிக்கை, வாசகர்களே. வாயை அடைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா?

கம்பி மாற்ற விரும்பும் தம்பிகளே, இந்த வரிசையை மறக்காதீர்கள். முதலில் டயரையும் காற்றின் அளவையும் பாருங்கள். அடுத்து அதிர்வு தாங்கிகளையும், பழைய கம்பியின் ரப்பர்களையும் இணைப்புகளையும் பாருங்கள்; ரப்பர் தேய்ந்திருந்தால் அதை மாற்றினாலே கார் பாதி சீராகும். அதன் பிறகும் தேவையென்றால், ஒரே ஒரு படி தடித்த கம்பி போதும். பல துளைகள் உள்ள கம்பியானால், கை நீளமாக அமையும் துளையே மிருதுவானது, அதிலிருந்து தொடங்குங்கள். மாட்டும்போது இரு சக்கரங்களும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காருக்கடியில் படுக்க வேண்டாம். சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளையும் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: தோட்டத்துச் செம்மண் சாலையில் தடித்த கம்பி தொல்லைதான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறு சக்கரத்தையும் அது உலுக்கும்.

பையன் இப்போது நான்கு புது டயர் போட்டிருக்கிறான். தடித்த கம்பியைக் கழற்றியாயிற்று. மெல்லியதாக ஒன்று பிறகு பார்க்கலாம் என்கிறான். கழற்றியதை அவன் தாயார் கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். "இப்பத்தான் சார் அது உருப்படியா நிக்குது" என்கிறார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.