ஏழு கோயிலுக்கு ஒரு குருவானவர்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குப் போக விரும்புகிறவர், முதலில் கோயில் வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாக வேண்டும். முதல் ஞாயிறு நற்கருணை இந்த ஊரில். இரண்டாம் ஞாயிறு அடுத்த ஊரில். மூன்றாம் ஞாயிறு குருவானவர் வராத எளிய ஜெபம். மாதத்தில் ஐந்தாம் ஞாயிறு வந்துவிட்டால் எல்லா ஊராரும் ஏதாவது ஓரிடத்தில் கூடுவது. பலகையைப் பார்க்காமல் போனவர் பூட்டிய கதவைத் தரிசித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஐந்து ஊருக்கு, ஏழு ஊருக்கு, சில இடங்களில் பத்துக்கு மேற்பட்ட ஊர்களுக்கும் ஒரே குருவானவர். ஓர் ஊரில் ஆசீர்வாதம் கூறிவிட்டு, வாசலில் நிற்பவர்களிடம் நாலு வார்த்தை பேசவும் நேரமில்லாமல் காரில் ஏறி அடுத்த ஊருக்கு விரைகிறார்.

ஒவ்வொரு கோயிலிலும் ஞாயிறுதோறும் ஆராதனை நடந்தாக வேண்டும் என்ற விதி 1603-ம் வருஷத்திலிருந்து இருந்து வந்தது. 2019 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டமன்றமான பொதுச் சினாடு அதைத் தளர்த்திவிட்டது. ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள கோயில்களில் ஏதாவது ஒன்றில் நடந்தால் போதும் என்று ஆயிற்று. நடைமுறையில் எப்போதோ செத்துப்போன விதிக்கு இப்போது சடங்கு செய்திருக்கிறார்கள், இதில் வருந்த என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அதே கிராமங்களிலிருந்து இரண்டே வருஷங்களில் ஒரு பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்தச் சச்சரவு இன்னும் ஓயவில்லை. பக்தி குறைந்துவிட்டது என்ற ஒற்றைக் காரணத்தால் அதை விளக்கிவிட முடியாது. பணம் யாரிடம் இருக்கிறது, வேலை யார் தலையில் விழுகிறது என்பதுதான் அதன் கரு.

பாரிஷ் என்றால் என்ன?

திருநெல்வேலிப் பக்கத்தாருக்குச் 'சேகரம்' என்றால் ஓரளவு விளங்கும். ஆனால் இங்கிலாந்தில் பாரிஷ் என்பது விசுவாசிகளின் கூட்டத்தை மட்டும் குறிப்பதில்லை. அது நில எல்லை. அந்த நாட்டில் வீடு வைத்திருப்பவர் எவரும் அநேகமாக ஏதாவதொரு பாரிஷுக்குள்தான் இருக்கிறார். கோயில் பக்கமே எட்டிப் பாராதவராக இருந்தாலும் பொதுவாக அங்கே விவாகம் செய்துகொள்ள அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கல்லறைத் தோட்டத்தில் இடமிருந்தால் அங்கே அடக்கம் செய்யப்படவும் உரிமை உண்டு. எட்டாம் ஹென்றி மன்னனின் மந்திரி தாமஸ் க்ராம்வெல் 1538-ல் இட்ட உத்தரவின்படி ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றையும் பாரிஷ் பதிவேட்டில் எழுதி வந்தார்கள். 1837-ல் அரசாங்கப் பதிவு வரும்வரை ஏழை ஜனங்கள் இந்த உலகத்தில் இருந்ததற்கு அந்த ஏடுதான் முக்கியச் சாட்சி.

கோயில் காரியங்களைக் கவனிக்க ஆண்டுதோறும் இரண்டு சர்ச்வார்டன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டுத் தர்மகர்த்தாவை ஒத்த பதவி இது; சம்பளம் கிடையாது. இந்தத் தேர்தலில் ஒரு விசித்திரம்: கோயில் ஜாபிதாவில் பெயர் உள்ளவர்கள் மட்டுமல்ல, அந்த எல்லையில் குடியிருந்து பொதுத் தேர்தல் ஜாபிதாவில் பெயர் உள்ள எவரும் வந்து ஓட்டுப் போடலாம். நாஸ்திகரும் போடலாம், வேறு மதத்தாரும் போடலாம். பெரும்பாலும் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

சர்ச்வார்டனின் வேலையைக் கேட்டால் தலை சுற்றும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கட்டட நிபுணரை அழைத்து அங்குலம் அங்குலமாகச் சோதனை செய்ய வேண்டும். ஒரு பெஞ்சை இடம் மாற்றுவதானாலும் திருமண்டலத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். கூரையில் வௌவால் அடைந்து பீடத்தின் மேல் எச்சமிட்டால் அதை விரட்டக் கூடாது. 1981-ம் வருஷத்துச் சட்டம் வௌவாலுக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. கூரையின் ஈயத் தகட்டை இரவில் திருடர்கள் உரித்துக்கொண்டு போனால், காலையில் போலீசுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுவது அவர் பாடு. குருவானவர் மாற்றலாகி, அடுத்தவர் வரப் பல மாதங்கள் ஆனால், அதுவரை ஆராதனைக்கு ஆள் தேடுவதும் அவர்தான். இந்த வேலைகளைச் செய்கிறவர்களில் மிகப் பலர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள்.

மணியும் மலரும் தேநீரும்

இப்படி இருந்தும் அந்தக் கோயில்களில் உயிர் இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு இருபது முப்பது பேர் வந்தாலே நல்ல கூட்டம்தான். 1662-ம் வருஷத்து ஜெப புத்தகத்தின் பழைய நடை வேண்டும் என்பவர்கள் காலை எட்டு மணிக்கு வந்து, பாட்டில்லாத நற்கருணையில் கலந்துகொண்டு, அதிகம் பேசாமல் வீடு திரும்புகிறார்கள். 2000-ம் வருஷத்தில் வந்த புதிய முறைமையும் பாட்டும் வேண்டும் என்பவர்கள் பத்து மணிக்கு வருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் பின்பக்கம் காப்பியும் பிஸ்கோத்தும் உண்டு. யாருக்கு இடுப்பு வலி, யார் ஆஸ்பத்திரியில், யாருடைய மகன் வேலை இழந்தான் என்பதெல்லாம் அந்தக் காப்பி நேரத்தில்தான் வெளியாகும். பிரசங்கத்தைவிட அதற்காகவே வருகிறவர்களும் இருக்கக்கூடும். அதில் குற்றம் ஒன்றுமில்லை.

பீடத்துக்கு மலர் அலங்காரம் செய்ய முறைவைத்து ஒரு பட்டியல். பித்தளை துலக்க ஒரு பட்டியல். வேதம் வாசிக்க ஒரு பட்டியல். வாரத்தில் ஒரு நாள் கைக்குழந்தைக்காரிகள் கூடுகிறார்கள். இன்னொரு நாள் தனிமையில் வாடும் கிழவர்களுக்கு மதியச் சாப்பாடு. தபாலாபீஸ் மூடப்பட்ட சில ஊர்களில் கோயிலின் ஒரு மூலையிலேயே தபால் வேலை நடக்கிறது. கைபேசியும் இன்டர்நெட்டும் எட்டாத கிராமங்களுக்காகக் கோயில் கோபுரங்களைப் பயன்படுத்திக்கொள்ள 2018-ல் அரசாங்கமும் திருச்சபையும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன.

மணியடிப்பது அங்கே ஒரு தனிக் கலை. ஆறு அல்லது எட்டு மணிகளை ஆளுக்கு ஒரு கயிறாகப் பிடித்து, கணக்குப் போட்டு வரிசை மாற்றி மாற்றி அடிப்பார்கள். பதினேழாம் நூற்றாண்டு முதல் வளர்ந்த வித்தை இது. மணியடித்து முடித்ததும், ஆராதனைக்கு நிற்காமல் நழுவிவிடும் அடிகாரர்கள் உண்டு. முதல் உலக யுத்தத்தில் மாண்டுபோன சுமார் 1,400 மணியடிகாரர்களின் நினைவாக, யுத்தம் ஓய்ந்த நூற்றாண்டு தினமான 2018 நவம்பரை ஒட்டி, அத்தனை புதியவர்களைச் சேர்க்க ஓர் இயக்கம் நடந்தது. ஆட்கள் கிடைத்தார்கள். பக்திக்குக் கூடாதவர்கள் மணிக்குக் கூடினார்கள்.

அறுப்பின் பண்டிகையும் அப்படித்தான். இங்கிலாந்தில் அது இன்றுள்ள உருவில் பரவியதற்கு, கார்ன்வால் பிரதேசத்து மார்வென்ஸ்டோ கிராமத்தில் ராபர்ட் ஹாக்கர் என்ற குருவானவர் 1843-ல் நடத்திய ஸ்தோத்திர ஆராதனையைக் காரணமாகச் சொல்வார்கள். அன்று பூசணியும் கோதுமைக் கதிரும் வந்தன. இன்று அவற்றோடு டின்னில் அடைத்த அவரையும் சூப்பும் வருகின்றன. ஏழைகளுக்கு இலவச உணவு கொடுக்கும் 'உணவு வங்கி'க்கு அவை போகின்றன.

மானிய நிலம் போன கதை

அப்படியானால் குருவானவர் ஏன் குறைந்தார்?

பழைய காலத்தில் ஒவ்வொரு கோயிலுக்கும் சொந்தத்தில் மானிய நிலம் இருந்தது. அதோடு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம். இவை இரண்டும் குருவானவரின் ஜீவனம். ஓர் ஊர் குருவானவர் வேட்டை நாய் வளர்ப்பார். அடுத்த ஊர் குருவானவர் கிழிந்த அங்கியைத் தைத்துப் போட்டுக்கொள்வார். இந்த ஏற்றத்தாழ்வைப் பலரும் கண்டித்தார்கள். தசமபாகத்துக்கு ஈடாக வசூலித்துவந்த தொகையை 1936-ம் வருஷத்துச் சட்டம் நீக்கியது. 1976-ல் இயற்றி 1978-ல் அமலுக்கு வந்த இன்னொரு சட்டம் மானிய நிலங்களைத் திருமண்டலங்களுக்கு மாற்றிவிட்டது. எல்லாக் குருமாருக்கும் ஒரே அளவான சம்பளம் என்ற நோக்கம் நியாயமானதுதான். ஆனால் நிலத்தை இழந்த பாரிஷ், தன் குருவானவருக்காகத் திருமண்டலத்துக்கு ஆண்டுதோறும் பங்குத் தொகை கட்டவேண்டிய நிலைக்கு வந்தது. நிலச் சொந்தக்காரன் குத்தகைக்காரனான கதை.

மேலே ஒரு பெரிய நிதியும் இருக்கிறது. 'சர்ச் கமிஷனர்கள்' என்ற ஸ்தாபனம் அதை நிர்வகிக்கிறது. இவர்கள் 1980-களின் கடைசியில் நில, கட்டட வியாபாரத்தில் துணிந்து இறங்கிச் சுமார் 80 கோடி பவுனை இழந்தார்கள். அதன் பிறகு, 1998 முதல் குருமார் செய்யும் சேவைக்கான பென்ஷன் பொறுப்பு திருமண்டலங்களின் மேல், அதாவது கடைசியில் பாரிஷ்களின் மேல் ஏறியது. கமிஷனர்கள் பின்னர் சாமர்த்தியமாக முதலீடு செய்து மீண்டுவிட்டார்கள். நிதி 1,000 கோடி பவுனையும் தாண்டிவிட்டது. ஏறிய சுமை மட்டும் இறங்கவில்லை.

இந்த நேரத்தில் வந்தது கொரோனா. 2020 மார்ச்சில் கோயில்களை மூடச் சொன்னதோடு, குருவானவர் தனியாக உள்ளே போய் ஜெபிக்கவும் வேண்டாம் என்று பிரதம அத்தியட்சர்கள் அறிவுறுத்தினார்கள். அந்த ஈஸ்டர் ஆராதனையைக் காண்டர்பரி பிரதம அத்தியட்சர் ஜஸ்டின் வெல்பி தம் வீட்டுச் சமையலறையிலிருந்து நடத்தினார். கோயில் இல்லாமலே காரியம் நடக்கும் என்று மேலிடம் நினைக்கிறதோ என்ற சந்தேகம் கிராமங்களில் அன்று விழுந்தது. சராசரி வார வருகை 2019-ல் ஏறக்குறைய எட்டரை லட்சம். 2023-ல் ஏழு லட்சத்துக்கும் கீழ். சமீப வருஷங்களில் சிறிது ஏறிவந்தாலும் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. வராதவர்களின் காணிக்கையும் வராது. பங்குத் தொகை பாக்கி விழும். பாக்கி விழுந்தால் திருமண்டலம் குருவானவர் எண்ணிக்கையைக் குறைக்கும். குருவானவர் இல்லாத ஊரில் வருகை இன்னும் குறையும்.

எதிர்ப்பு

2021-ல் லெஸ்டர் திருமண்டலம் தன் 230-க்கு மேற்பட்ட பாரிஷ்களை இருபது இருபத்தைந்து பெருந்தொகுதிகளாகச் சேர்க்கும் திட்டத்தை நிறைவேற்றியது. அதே வருஷத்தில், சாதாரண விசுவாசிகளே நடத்தும் பதினாயிரம் புதிய சபைகளைத் தொடங்கலாம் என்ற யோசனை கிளம்பியது. கட்டடம், சம்பளம் வாங்கும் குருவானவர், நீண்ட வேதசாஸ்திரப் படிப்பு ஆகியவை வளர்ச்சிக்குத் தடை என்ற பொருளில் அப்போது ஒரு பேச்சு எழுந்தது. அதுதான் நெருப்பு வைத்தது. அந்த ஆகஸ்டில் லண்டன் ஸ்மித்ஃபீல்டில் உள்ள பரிசுத்த பர்த்தலோமேயு கோயிலில் கூடியவர்கள் 'பாரிஷைக் காப்பாற்றுவோம்' என்ற இயக்கத்தை ஆரம்பித்து, அவ்வருஷத்துச் சினாடு தேர்தலிலும் வேட்பாளர்களை ஆதரித்தார்கள்.

2023 ஜனவரியில் இன்னொரு சர்ச்சை. பழைய நிதியில் ஒரு பகுதி அடிமை வியாபாரத்தோடு தொடர்புடையது என்று கண்டுபிடித்த கமிஷனர்கள், அந்தப் பாவத்துக்கு ஈடாகப் பத்துக் கோடி பவுன் ஒதுக்கப்போவதாக அறிவித்தார்கள். ஒழுகும் கூரைக்குப் பணம் இல்லை, இதற்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். அடிமைகளின் கண்ணீரைக் கூரை ஓட்டோடு தராசில் வைப்பது சரியல்ல. ஆயினும் பத்து வருஷமாக வாளி வைத்து மழைநீர் பிடித்தவன் அப்படிக் கேட்டதில் ஆச்சரியமும் இல்லை.

அத்தியட்சர்களைத் திட்டுவது சுலபம். அவர்களிடம் இருப்பது சுமார் 16,000 கட்டடங்களும் ஏழாயிரத்துச் சொச்சம் சம்பளக் குருமாரும். பழுதுபார்ப்புச் செலவில் இருபது சதவீத வரியைத் திருப்பிக் கொடுத்துவந்த சர்க்காரும் 2025 ஜனவரியில் கோயிலுக்கு வருஷம் 25,000 பவுனுக்கு மேல் இல்லை என்று கையைச் சுருக்கிவிட்டது. குருமாரும் சளைத்துவிட்டார்கள். சாலிஸ்பரிக்கு அருகே பெமர்ட்டன் என்ற சிற்றூரில் 1630 முதல் மூன்று வருஷம் இருந்து, நாற்பது வயதுக்கு முன்பே மறைந்த கவி ஜார்ஜ் ஹெர்பர்ட்தான் அவர்களுக்கு இலட்சியக் குருவானவர். வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்தவர். அந்த இலட்சியம் தாங்க முடியாத பாரமாகிவிட்டதென்று, ஹெர்பர்ட்டை வழியில் கண்டால் கொன்றுவிடுங்கள் என்ற பொருள்படத் தலைப்பிட்டு ஒரு குருவானவரே 2009-ல் புத்தகம் எழுதினார்!

ஒரு குருவுக்குப் பல சபைகள் என்பது தமிழ் நாட்டுக்குப் புதிதல்ல. அதே ஆங்கிலிக்கன் மிஷன்கள் திருநெல்வேலியில் அப்படித்தான் வேலை செய்தன. 1947-ல் அச்சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்த பிறகும் சேகரங்களில் அந்த முறை தொடர்ந்தது. ஆனால் குருவானவர் வராத நாட்களில் ஜெபம் நடத்தவும், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும், சாவு வீட்டில் நிற்கவும் ஊரோடு ஊராக ஓர் உபதேசியார் குடியிருந்தார். இங்கிலாந்தில் குருவானவரை எடுத்தார்கள், உபதேசியாரை வைக்கவில்லை. அந்த இடத்தை ஓய்வுபெற்ற குருமாரும் சம்பளமில்லாத வாசகர்களும் நிரப்புகிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது.

2026 முதல் மூன்று வருஷங்களுக்கு 160 கோடி பவுன் செலவிடுவதாக 2025-ல் அறிவிப்பு வந்தது; குருமாரின் சம்பள உயர்வும் அதில் அடங்கும். அதே வருஷம் அக்டோபரில், முன்பு நர்ஸாக இருந்த சாரா முலாலி காண்டர்பரி பிரதம அத்தியட்சராக அறிவிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர். பணத்தில் எவ்வளவு ஊருக்கு நேராக வரும், எவ்வளவு திட்டங்களுக்கும் காரியாலயங்களுக்கும் போகும் என்பதைத்தான் கிராமத்தார் கவனிக்கிறார்கள்.

ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் சர்ச்வார்டன் தேர்தல் கூட்டம் நடக்கிறது. தொடர்ந்து ஆறு வருஷம் அந்தப் பதவியில் இருந்தவர் இரண்டு வருஷம் ஒதுங்கி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கூட்டம் விரும்பினால் தீர்மானம் போட்டு அந்தத் தடையை நீக்கலாம். பல ஊர்களில் அந்தத் தீர்மானத்தைத்தான் முதலில் போடுகிறார்கள். வேறு பெயர் எதுவும் வருவதில்லை.