லைசென்ஸ் கொடுப்பது யார்? கேள்வி கேட்பது யார்?

பள்ளி முடிந்து வீடு திரும்பும் வழியில் உள்ள கடை வரிசையை நினைத்துப் பாருங்கள். கீழ்த்தளத்தில் மளிகைக் கடை, முடிதிருத்தும் நிலையம், டியூஷன் மையம். மேல்மாடியில் கறுப்புக் கண்ணாடி ஒட்டிய ஒரு கதவு. பகலில் பூட்டிக் கிடக்கும். இரவில் வண்ண விளக்குகள் எரியும். ஒரு நாள் அமலாக்க அதிகாரிகள் அங்கே சோதனை நடத்திய செய்தி வருகிறது. உணவகம் என்று லைசென்ஸ் எடுத்துவிட்டு உள்ளே கேளிக்கை மையம் நடத்தியிருக்கிறார்கள். "நம் தாமானிலா இப்படி?" என்று பெரியவர்கள் அங்கலாய்க்கிறார்கள். சில வாரங்களில் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

சோதனை என்பது கடைசிக் கட்டம். அதற்கு வெகுகாலம் முன்பே ஊராட்சி மன்ற அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் வந்திருக்கும். யாரோ அதைப் படித்து ஒப்புதல் அளித்திருப்பார்கள். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் வாழ்பவர்களை யாராவது கேட்டார்களா? இதுதான் நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

இங்கிலாந்து இதே சிக்கலைச் சந்தித்த கதை நமக்குப் பாடமாக அமையும். அங்கு 2003ஆம் ஆண்டு இயற்றப்பட்ட லைசென்ஸ் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஆடை களைந்து ஆடும் நடன விடுதிக்கும் சாதாரண மதுக்கடைக்கும் ஒரே வகை லைசென்ஸ்தான். குடியிருப்பாளர்கள் ஆட்சேபிக்கலாம், ஆனால் குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை, சிறுவர் பாதுகாப்பு ஆகிய நான்கு காரணங்களுக்குள் அது அடங்க வேண்டும். "இந்தத் தெருவின் தன்மைக்கு இது பொருந்தாது" என்று சொன்னால் அது செல்லாது.

குடியிருப்பாளர்களும் பெண்கள் அமைப்புகளும் விடாமல் குரல் கொடுத்ததால் 2009இல் சட்டம் திருத்தப்பட்டது. 2010 ஏப்ரல் 6 முதல் இத்தகைய விடுதிகளைத் தனி வகையாகக் கருதி லைசென்ஸ் வழங்கும் அதிகாரம், அதை ஏற்க விரும்பிய ஊராட்சி மன்றங்களுக்குக் கிடைத்தது. இந்த லைசென்ஸ் அதிகபட்சம் ஓராண்டுக்கே செல்லும். விண்ணப்பம் வந்த 28 நாள்களுக்குள் யாரும் ஆட்சேபம் எழுதலாம். வட்டாரத்தின் தன்மை, அருகிலுள்ள பள்ளி, வழிபாட்டுத் தலம் ஆகியவற்றை மன்றம் கருத்தில் கொள்ளலாம். ஒரு வட்டாரத்துக்கு இத்தனை விடுதிகள் போதும் என எண்ணிக்கையை வரையறுக்கலாம். அந்த எண்ணிக்கை பூஜ்யமாகவும் இருக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். வெறும் ஒழுக்க அடிப்படையிலான ஆட்சேபம் போதாது என்று அந்நாட்டு உள்துறை அமைச்சின் வழிகாட்டி கூறியது. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது காரணம் ஆகாது. இந்த இடத்தில் ஏன் கூடாது என்று விளக்க வேண்டும்.

மன்றங்களுக்கும் கடிவாளம் உண்டு. ஸ்காட்லாந்துக்கு இதில் தனிச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் எடின்பரோ மாநகர மன்றக் குழு 2022 மார்ச்சில், இத்தகைய விடுதிகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று 5க்கு 4 என்ற வாக்கில் முடிவெடுத்தது. அங்கு ஆடிப் பிழைப்பவர்களின் சார்பில் ஒரு தொழிற்சங்கம் நீதிமன்றம் சென்றது. மன்றம் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு முடிவெடுத்தது என்று 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தெருவில் வாழ்பவருக்கு இருப்பது போலவே, அங்கு வேலை செய்பவருக்கும் தம் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்பதை அந்த வழக்கு காட்டியது.

நம் நிலை என்ன? கேளிக்கை மையங்களுக்குத் தனிச் சட்டங்கள் இங்கும் உண்டு; சிலாங்கூரில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஓர் உதாரணம். தீபகற்ப மலேசியாவின் ஊராட்சி மன்றங்களை 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வழிநடத்துகிறது. அதன் 107ஆவது பிரிவின்படி, மன்றம் தான் கொடுத்த லைசென்ஸை எந்த நேரத்திலும் காரணம் கூறாமலேயே ரத்து செய்யலாம். கேட்பதற்கு இது குடியிருப்பாளர்களுக்குச் சாதகம் போலத் தோன்றும். ஆனால் காரணம் கூறாமல் மூடக்கூடிய அதிகாரத்தை நேர்மையாக நடக்கும் கடைக்காரர் மீதும் பயன்படுத்தலாம் அல்லவா? காரணம் வெளியே தெரிந்தால்தான் முடிவு சரியா தவறா என்று மக்கள் எடைபோட முடியும்.

முடிவெடுப்பவர்களை நாம் தேர்ந்தெடுப்பதும் இல்லை. மலாயாவில் முதல் நகராண்மைத் தேர்தல் 1951இல் ஜார்ஜ்டவுனில் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965இல், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவற்றை ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம் சமூகத்தைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்றே ஆணையம் பரிந்துரைத்தது. ஆனால் 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று ஒரு மன்றத்தின் 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது.

அதற்காக நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் மட்டுமே கதவு மூடப்படும். நம்மில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் ஒரு முறையாவது உட்கார்ந்திருக்கிறோம்?

கேளிக்கை மையங்கள் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவற்றை நடத்துபவர்களுக்கும் சட்டப்படி தொழில் செய்யும் உரிமை உண்டு. அங்கே உழைப்பவர்களுக்கும் குடும்பங்கள் உண்டு. நாம் கேட்பது மூன்று: லைசென்ஸ் விண்ணப்பம் அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அவர்கள் கருத்துச் சொல்லக் கால அவகாசம் வேண்டும், கொடுத்தாலும் மறுத்தாலும் ரத்து செய்தாலும் காரணம் எழுத்தில் வேண்டும்.

மாணவர்களே, உங்கள் தாமானுக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்று இந்த வாரமே கண்டுபிடியுங்கள். குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்துக்கு அப்பா அம்மாவுடன் போய் உட்காருங்கள். பல்கலைக்கழகத்தில் சட்டமோ பொது நிர்வாகமோ பயில்பவர்கள், சங்கத்தின் ஆட்சேபக் கடிதத்தைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். கோபத்தைக் குறைத்து, இடம், நேரம், பள்ளியிலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றை எழுதுங்கள். அமலாக்க வண்டி வந்து நிற்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பம் மேசையில் இருக்கும்போதே பேசுவோம்.