ஸ்கேனில் ஒன்றும் இல்லை



திருக்கனூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பத்தாவது படிக்கும் மகனுக்கு வலிப்பு. "ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஏன் ஐயா வருகிறது?"

நியாயமான கேள்வி அம்மா. வழக்கமான ஸ்கேன் மூளையின் அமைப்பைக் காட்டும், அதன் வேலையைக் காட்டாது. மோட்டார் கொட்டகையைப் படம்பிடித்து, கரண்ட் எப்போது ஏறி இறங்கியது என்று சொல்ல முடியுமா? மூளை செல்கள் கூட்டமாக, அளவுமீறித் துடிப்பதுதான் வலிப்பு. ஓய்ந்தபின் தடயமே இல்லாமல் போகலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவி கொடுக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, போனில் வீடியோ எடுங்கள். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது என்று கோரிமேடு ஜிப்மருக்குப் போனாலும் டாக்டர் கேட்பார். ஐந்து நிமிடம் தாண்டினால் வீடியோவை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்துக்கு அடங்காத வலிப்புதான் பெரிய சிக்கல். அது தொடங்கும் இடம் தெரிந்தால், சிலருக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கும். வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1952இலேயே அதைச் செய்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த கனடாவின் வைல்டர் பென்ஃபீல்டு, திறந்த மூளையில் வலிப்பின்போது ரத்த ஓட்டம் மாறுவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

மூளையில் எந்தப் பகுதி உழைக்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். 1928இல் ஃபுல்டன் என்ற மருத்துவர் ஒரு விசித்திர நோயாளியைப் பற்றி எழுதினார். பின்மண்டையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாகப் பின்னியிருந்ததால் அவர் தலைக்குள் ஓர் இரைச்சல். படிக்க உட்கார்ந்தால் அது உரக்கும், கண்ணை மூடி ஓய்வெடுத்தால் தணியும். மூளை ஆராய்ச்சியின் வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த ஆள் அந்த நோயாளிதான்.

ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்க்கலாம் என்று 1990இல் ஜப்பானியர் செய்ஜி ஒகாவா காட்டினார். மூளையின் மின்துடிப்பைப் பதியும் ஈ.ஈ.ஜி. 'எப்போது' என்பதை நுணுக்கமாகச் சொல்லும், 'எங்கே' என்பதில் தடுமாறும். ரத்த ஓட்டம் இடத்தைக் காட்டும், ஆனால் ஐந்தாறு விநாடி பிந்தி. இரண்டையும் ஒருசேரப் பதியலாமே என்றால், ஸ்கேன் எந்திரம் கிளப்பும் இரைச்சலில் மூளையலை மூழ்கிப்போகிறது. அதைப் பிரித்தெடுக்க வேண்டும். வலிப்பு நேரத்துத் தேவைக்கு ரத்தம் ஈடுகொடுக்கிறதா, சிலருக்கு வலிப்புக்கு முன்பே ரத்த ஓட்டம் மாறுவது ஏன் என்றெல்லாம் கேள்விகள் வரிசையில் நிற்கின்றன.

விடை கிடைக்க, இப்படி ஒரு கேள்வியோடு ஆராய்ச்சி செய்யும் ஓர் இளைஞர் நாலைந்து வருடம் உட்கார வேண்டும். சும்மா உட்கார முடியாது, வீட்டில் அரிசி வாங்க வேண்டும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். படித்துக்கொண்டே இருப்பதற்குச் சம்பளமா என்று கேட்பவர்கள் உண்டு. உதவித்தொகை தாமதமானால் நின்றுபோவது நோயாளிக்கான பதிலும்தான் என்பது என் கட்சி.

நம் மண்ணாடிப்பட்டு கொம்யூன் பிள்ளைகளுக்கு ஒரு சேதி: மூளை ஆராய்ச்சி டாக்டர்களுக்கு மட்டுமான துறை அல்ல. இரைச்சலிலிருந்து மூளையலையைப் பிரிப்பது கணக்கும் இயற்பியலும் தெரிந்தவர்களின் வேலை. நெட் தேர்வு பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் பதில் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்