ஃப்ளாப்பி டிரைவ் ஓடவில்லையா? எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம்!

பல வீடுகளின் பரணில் இன்னும் ஒரு பழைய கணினி தூங்கிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 95 அல்லது 98 காலத்துப் பெட்டி. பக்கத்திலேயே ஒரு டப்பா நிறைய ஃப்ளாப்பிகள். அப்பா தட்டச்சு செய்த கடிதங்கள், அக்காவின் ஆய்வேடு, எப்போதோ மூடிவிட்ட அச்சகத்தின் மலர்கள் என்று எது வேண்டுமானாலும் அதற்குள் இருக்கலாம். வீடு மாறும்போதுதான் இதெல்லாம் வெளியே வரும். ஸ்விட்சைப் போட்டால் கணினி எழுந்துவிடுகிறது. ஃப்ளாப்பியைச் செருகினால் மட்டும் 'கர்ர்… கர்ர்…' என்ற சத்தமும், திரையில் ஒரு பிழைச் செய்தியும்.

அடுத்த நொடியே தீர்ப்பு வந்துவிடும்: "டிரைவ் செத்துப்போச்சு. எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடலாம்."

இது அவசரத் தீர்ப்பு. குற்றவாளி கேபிளாக இருக்கலாம், தூசியாக இருக்கலாம், ஒரு சின்ன பேட்டரியாகக்கூட இருக்கலாம். அதைவிட முக்கியம், டிரைவ் உண்மையிலேயே கோளாறாக இருந்தாலும் அதைத் தூக்கி எறியக் கூடாத சூழ்நிலை ஒன்று உண்டு. அது என்னவென்று தெரியாமல் எறிந்தால், தகவலுக்கான ஒரே சாவியும் அதோடு போய்விடும்.

ஃப்ளாப்பிக்குள் என்ன நடக்கிறது?

இன்றைய தலைமுறைக்கு ஃப்ளாப்பி என்றால் 'சேவ்' ஐகான்தான். உண்மையில் அது காந்தப் பூச்சு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டம். 3.5 அங்குல ஃப்ளாப்பியில் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு 80 வட்டப் பாதைகள், ஒவ்வொரு பாதையிலும் 18 பிரிவுகள், ஒவ்வொரு பிரிவிலும் 512 பைட். பெருக்கிப் பார்த்தால் 14,74,560 பைட். இதைத்தான் '1.44 எம்பி' என்று சொன்னார்கள். கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட இன்று இதில் அடங்காது.

வட்டம் நிமிடத்துக்கு 300 முறை சுழலும். அதன் இரு பக்கமும் இரண்டு தலைகள் உரசிக்கொண்டே படிக்கும். ஹார்டு டிஸ்கில் தலை தட்டைத் தொடாமல் மிதக்கும். இங்கே தொட்டுக்கொண்டே ஓடும். ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் இடையே உள்ள தூரம் 0.19 மில்லிமீட்டருக்குள்தான். ஃப்ளாப்பியின் பெரும்பாலான வியாதிகளுக்கு வேர் இந்த இரண்டு விஷயங்கள்: உரசல், நுணுக்கம்.

முதலில் பிழைச் செய்தியைப் படியுங்கள்

கணினி தொடங்கும்போதே 'சிஸ்டம் டிஸ்க் அல்ல, வேறு டிஸ்க் போட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்' என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகவில்லை. சாதாரண ஃப்ளாப்பி ஒன்று உள்ளேயே இருக்கிறது. கணினி அதிலிருந்து தொடங்கப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் சரி.

'ஃப்ளாப்பி டிஸ்க் ஃபெயில்' என்று ஆரம்பத்திலேயே வந்தால், கணினிக்கு டிரைவே கண்ணில் படவில்லை என்று பொருள். அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியை. அந்த பேட்டரி தீர்ந்துபோனால் கணினி தேதியை மட்டும் மறப்பதில்லை. தன்னோடு எந்த டிரைவ் இருக்கிறது என்பதையும் மறந்துவிடும். பல பெட்டிகளில் இருப்பது கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சி.ஆர். 2032 பேட்டரிதான். அதை மாற்றிவிட்டு, பயாஸ் திரையில் 'ஏ' டிரைவுக்கு நேரே 1.44 எம்பி, 3.5 அங்குலம் என்று இருக்கிறதா எனப் பார்த்தாலே சில கணினிகள் சரியாகிவிடும்.

அணையாத விளக்கு சொல்வது என்ன?

டிரைவின் முகப்பில் உள்ள சின்ன விளக்கு, கணினி ஆன் ஆனதிலிருந்து அணையாமல் எரிகிறதா? ரிப்பன் கேபிளின் ஏதோ ஒரு முனை தலைகீழாக மாட்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. 34 கம்பிகள் கொண்ட அந்தப் பட்டைக் கேபிளின் ஓரத்தில் ஒரு நிறக்கோடு இருக்கும். அந்தப் பக்கம், மதர்போர்டிலும் டிரைவிலும் '1' என்று குறித்த பின்னோடு சேர வேண்டும்.

கேபிளின் நடுவில் சில கம்பிகள் மட்டும் முறுக்கித் திருப்பப்பட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பயந்துபோவார்கள். அது கோளாறு அல்ல, வடிவமைப்பே அப்படித்தான். முறுக்கைத் தாண்டிய முனையில் மாட்டும் டிரைவ் 'ஏ', முறுக்குக்கு முன்னால் மாட்டுவது 'பி'.

பெட்டியைத் திறப்பதற்கு முன் மின்சார பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பவர் சப்ளை டப்பாவை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பல ஆண்டுகளாக ஓடாமல் கிடந்த கணினி என்றால், முதல் முறை ஆன் செய்வதற்கு முன்பே பவர் சப்ளையை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது.

டிரைவா, டிஸ்கா?

கோளாறு தேடுவதில் பொன் விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். டிஸ்க், கேபிள், டிரைவ் மூன்றையும் ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. எல்லா டிஸ்க்கும் படிக்கிறது, ஒன்று மட்டும் படிக்கவில்லை என்றால் பழுது அந்த டிஸ்கில். எந்த டிஸ்க்கும் படிக்கவில்லை என்றால் டிரைவையோ கேபிளையோ பார்க்க வேண்டும்.

ஆனால் கண்ணில் படும் டிஸ்கையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது ஆபத்து. நம் ஊர் ஈரக்காற்றில் பரணில் கிடந்த ஃப்ளாப்பிகளில் பூஞ்சை பிடித்திருக்கலாம். உலோக மூடியை விரலால் நகர்த்தி, நடுச் சக்கரத்தை மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் புள்ளிகளோ வளையக் கீறல்களோ தெரியும். அப்படிப்பட்ட டிஸ்கை டிரைவில் போட்டால் அழுக்கு தலையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய அழுக்கு, அடுத்துப் போடும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றுவது மாதிரிதான்.

தலையைச் சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சு சுற்றிய குச்சியும் போதும். மேல் தலை மெல்லிய தகட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் தூக்கினால் வளைந்துவிடும். லேசாகத் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகே டிஸ்க் போட வேண்டும். தலை நகரும் தண்டில் பழைய கிரீஸ் பசைபோல இறுகியிருந்தால், அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் துளி கிரீஸ் வைத்தாலே முரண்டு பிடித்த டிரைவ் சில நேரம் ஓட ஆரம்பித்துவிடும்.

கோணல் டிரைவை ஏன் எறியக் கூடாது?

இனி முக்கியமான கட்டம். இந்தக் கணினியில் எழுதிய டிஸ்க்குகள் நன்றாகப் படிக்கின்றன. வெளியிலிருந்து வந்தவை மட்டும் படிக்கவில்லை. இதற்கு என்ன பொருள்?

டிரைவின் தலை, இருக்க வேண்டிய இடத்திலிருந்து இம்மி விலகிவிட்டது. எழுதும்போதும் விலகியே எழுதியது, படிக்கும்போதும் அதே அளவு விலகியே படிக்கிறது. அதனால் அதற்குத் தன் எழுத்து புரிகிறது. நல்ல நிலையில் உள்ள இன்னொரு டிரைவுக்கு அந்த எழுத்து புரியாது.

"யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒண்ணு வாங்கினா வேலை முடிஞ்சுது" என்ற யோசனை இங்கேதான் தடுக்கி விழுகிறது. ஒழுங்காக எழுதப்பட்ட 3.5 அங்குல டிஸ்க்குகளுக்கு யுஎஸ்பி டிரைவ் நல்ல வழி, சந்தேகமில்லை. விலகி எழுதப்பட்டவற்றுக்கு அந்தப் பழைய கோணல் டிரைவ்தான் சாவி. அதை எடைக்குப் போட்ட பிறகு எவ்வளவு செலவழித்தாலும் அதே அளவு கோணலான இன்னொரு டிரைவ் கடையில் கிடைக்காது. ஆகவே எல்லா ஃப்ளாப்பிகளையும் படித்து முடிக்கும்வரை, பெட்டியில் இருந்த டிரைவைச் சீரமைக்கவோ எறியவோ கூடாது.

'ஃபார்மேட் செய்யவா?' வேண்டாம்!

படிக்க முடியாத டிஸ்கைப் போட்டால் விண்டோஸ் பணிவாகக் கேட்கும்: "இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை. இப்போது செய்யவா?" இதற்குச் 'சரி' என்று அழுத்திவிட்டால், இருந்த தகவலும் போச்சு. கணினிக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதும், டிஸ்கில் ஒன்றுமே இல்லை என்பதும் வேறு வேறு.

இன்னொரு கண்ணாமூச்சியும் உண்டு. ஒரு டிஸ்கை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்ட பிறகும், திரையில் பழைய டிஸ்கின் கோப்புப் பட்டியலே தெரியும். 'டிஸ்க் மாறிவிட்டது' என்று டிரைவ் அனுப்ப வேண்டிய சமிக்ஞை, கேபிளின் 34-வது கம்பி வழியாகப் போய்ச் சேரவில்லை என்பதே காரணம். இந்த நிலையில் எதையாவது சேமித்தால், முதல் டிஸ்கின் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டாவது டிஸ்கின் மேல் கணினி எழுதிவிடும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து: டிரைவில் போடுவதற்கு முன்பே ஃப்ளாப்பியின் மூலையில் உள்ள பூட்டை நகர்த்தி, துளை திறந்திருக்கும்படி வைத்துவிட வேண்டும். துளை திறந்திருந்தால் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும். பிறகு கோப்பு கோப்பாக நகலெடுப்பதை விட, முழு டிஸ்கையும் ஒரே 'இமேஜ்' கோப்பாக எடுத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் உரசல் உண்டு என்பதால், நொடிந்த டிஸ்குக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்காமலே போகலாம்.

படித்தாயிற்று… ஆனால் இது என்ன மொழி?

தமிழ்க் கோப்பு என்றால் இன்னொரு பூட்டும் இருக்கிறது. யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய தமிழ், பாமினி போன்ற எழுத்துருக்களை நம்பியே எழுதப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியும், நடுநடுவே ஆங்கில எழுத்துகளுமாகக் குழப்பம்தான் தெரியும். திஸ்கி, 1999-ல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் என்று முறைகள் வேறு பல. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடக் கூடாது. யூனிகோடுக்கு மாற்றித்தரும் செயலிகள் இருக்கின்றன. அந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதற்கான தடயம், பழைய கணினியின் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில் பத்திரமாக இருக்கக்கூடும். பெட்டியை அவசரப்பட்டு அனுப்பக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஓவியர் ஆண்டி வார்ஹோல் விஷயத்திலும் இதுவே நடந்தது. 1985-ல் அமிகா கணினியில் அவர் வரைந்த படங்கள், பிட்ஸ்பர்க் நகர அருங்காட்சியகத்தில் ஃப்ளாப்பிகளாகக் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி மன்றத்தினர் அவற்றை மீட்ட செய்தி 2014-ல் வெளியானது. டிஸ்கைப் படித்ததோடு வேலை முடியவில்லை. யாருக்கும் பழக்கமில்லாத கோப்பு வடிவத்தையும் அவர்கள் பிரித்து அறிய வேண்டியிருந்தது.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

நியாயமான கேள்வி. அந்த டப்பாவில் இருப்பதில் பாதி, பழைய விளையாட்டுகளாகவும் யாருக்கும் வேண்டாத பயோடேட்டாக்களாகவும் இருக்கலாம். ஆனால் எது குப்பை, எது பொக்கிஷம் என்று முடிவு செய்ய வேண்டியது படித்த பிறகு. படிக்க முடியவில்லை என்பதே குப்பை என்பதற்குச் சான்றாகிவிடாது.

காலமும் காத்திருக்காது. சோனி நிறுவனம் 2011-லேயே ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. ஃப்ளாப்பி கேட்கும் அரசு விதிகள் ஆயிரத்துக்கும் மேல் வைத்திருந்த அதே ஜப்பான், 2024-ல் அவற்றைக் கைவிட்டது. புது டிஸ்க் வருவது நின்றுவிட்டது. டிரைவைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

ஒரு விஷயத்தில் அந்தப் பழைய பெட்டி இன்றைய கைபேசியை விட மேல். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் திறக்கலாம், கேபிளைக் கழற்றலாம், தலையைத் துடைக்கலாம். நினைவகச் சிப்பைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்த கைபேசியில் அதற்கெல்லாம் வழியே இல்லை. அதனால், இந்த வாரக் கடைசியில் பரணில் ஏறி அந்த டப்பாவை இறக்குவது ஒரு வேலை என்றால், கைபேசியில் இருப்பதற்கு இன்றே இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைப்பது அதைவிட அவசரமான வேலை. முப்பது வருடம் கழித்துக் கைபேசியைத் திறந்து, பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சரிசெய்ய யாராலும் முடியாது.