பதினேழு நோயாளர் இருந்த ஆண்டு

1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா என்று பதிவானவர்கள் 17 பேர் மட்டுமே. குளத்தோரத்து ஊர்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய காய்ச்சலை, 1940களின் நடுவில் தொடங்கிய டி.டி.டி. தெளிப்பு அந்த அளவுக்கு ஒடுக்கியிருந்தது. நோயே இல்லையே, இனி எதற்குத் தெளிப்பு என்று கைவிட்டார்கள். கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 1969 ஆகிய இரண்டு வருடங்களில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தார்கள். மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2016இல்தான்.

எச்.ஐ.வி.யோடு வாழும் இருபது வயதுக்காரர் ஒருவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1963 நினைவுக்கு வருகிறது. ஒழுங்காகக் குளிசை எடுத்தால் சில மாதங்களில் பரிசோதனைத் தாளில் வைரஸ் தென்படாது. அந்நிலையைக் காத்துக்கொள்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதை ஆயிரக்கணக்கான இணையரைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் உறுதிசெய்துவிட்டன. காய்ச்சல் இல்லை, மெலிவு இல்லை. ஆனால் வைரஸ் போய்விடவில்லை; சில வெள்ளணுக்களுக்குள் உறங்குகிறது. மருந்து நின்றால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே எழுந்துவிடும். விட்டுவிட்டு எடுத்தால் அந்த மருந்துக்கே அடங்காத வகை உருவாகக்கூடும். நோயாளி என்ற உணர்வே இல்லாத ஒருவரிடம், ஆயுள் முழுக்கத் தினமும் இதை விழுங்கு என்கிறோம். ஓர் அரசாங்கத்தாலேயே இருபது வருடம் காக்க முடியாமல் போன பொறுமை அது.

இந்தக் குளிசை எளிதில் வந்ததுமல்ல. 1987இல் முதல் இலங்கையரிடம் தொற்று கண்டறியப்பட்டபோது இங்கே கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 1996இல் கூட்டு மருந்துகள் உயிர் காக்கும் என்று தெரிந்தபோது, அவற்றின் விலை வருடத்துக்குப் பத்தாயிரம் டொலரைத் தாண்டியிருந்தது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் 350 டொலருக்குத் தர முன்வந்த பிறகே வறிய நாடுகளுக்கு வழி திறந்தது. இலங்கையில் அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் டொக்டர் கமலிகா அபேரத்ன. குழந்தைநல வைத்தியர். 1995இல் வீதி விபத்தில் சிக்கியபோது ஏற்றப்பட்ட இரத்தத்தினால் தொற்றுக்கு ஆளானார். மறைத்து வைத்திருக்கலாம், மறைக்கவில்லை. சொந்தப் பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்து, இதே நோயோடு இருந்த வறியவர்களுக்காக மருந்து கேட்டார். அரசு இலவசச் சிகிச்சையைத் தொடங்கிய அதே 2004இன் டிசம்பரில் காலமானார்.

இன்று திருகோணமலையில் இருபது வயதில் இருப்பவருக்கு மருந்தே இல்லாத அந்தக் காலம் தெரியாது. அவருடைய தொல்லை வேறு. அங்கே கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகும் பெடியனை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் ஒட்டிப் படுக்கும் சின்ன அறை, வாரக்கணக்கில் கடல். குளிசைப் போத்தல் கிலுகிலுக்கும். சத்தம் கேட்காமல் பஞ்சு அடைத்து, லேபிளை உரித்து, உடுப்புப் பையின் அடியில் வைக்கவேண்டும். "என்ன மருந்தடா?" என்று யாராவது கேட்டால் "காஸ்ட்ரிக்" என்று ஒரு பதில் தயாராக இருக்கவேண்டும். கிண்ணியாவிலோ மூதூரிலோ இருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போக நினைப்பவருக்கு, பரிசோதனையில் தெரிந்தால் பயணமே இல்லை. ஊரில் இருப்பவருக்குப் பயம் கிளினிக் வாசலில். பாலியல் நோய்ப் பிரிவின் வாங்கில் இருப்பதைத் தெரிந்தவர் ஒருவர் கண்டால் போதும், வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றுவிடும்.

அந்த வாசலில் படிந்த வெட்கம் துறைமுக ஊர்களுக்குப் பழையது. 1864இல் பிரித்தானியா தன் படைத்தள, துறைமுக நகரங்களில் பாலியல் நோய்களைத் தடுக்கவெனச் செய்த தொற்றுநோய்ச் சட்டம், சிப்பாய்களையும் மாலுமிகளையும் காப்பதற்கென்று பெண்களைப் பொலிசைக் கொண்டு பிடித்து வலுக்கட்டாயமாகப் பரிசோதித்தது. ஆண்களைத் தொடவில்லை. குடியேற்ற நாடுகளிலும் அதன் சாயலில் சட்டங்கள் வந்தன. 1886இல் அது பிரித்தானியாவில் நீக்கப்பட்டாலும், பாலியல் நோய்க்கு மருந்து கேட்டு வருபவரைக் குற்றவாளிபோல் பார்க்கும் கண் இன்னும் போகவில்லை.

2019இல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்ற சான்றும் நமக்குக் கிடைத்தது. பெரிய சாதனைதான். ஆனால் 2021இல் புதிதாகப் பதிவானோர் 411 பேர், 2022இல் 607 பேர். அதே 2022இல்தான், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் திருகோணமலை மாவட்டத்திலும் எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் காய்ந்தார்கள். பஸ் ஓடாத நாளில் மருந்து எடுக்க எப்படி வருவது? சிகிச்சையில் நிலையாக இருப்பவருக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒரே தடவையில் தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கடலுக்குப் போகிறவர்களுக்கு அதுவே வழக்கமாக வேண்டும். சொந்த ஊரில் வாங்கக் கூச்சப்படுபவர் மட்டக்களப்பிலோ அனுராதபுரத்திலோ வாங்கிக்கொள்ள, காரணம் கேட்காமல் கடிதம் கொடுக்கவேண்டும். இடையில் விட்டுவிட்டுத் திரும்பி வருபவரை ஏசுவதை நிறுத்தி, எதனால் விட்டுப்போனது என்று விசாரிக்கவேண்டும். இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.