வெர்பினா சாவதற்குக் கைராசி காரணமில்லை

வீட்டில் ஒரு பூச்செடி பட்டுப்போனால் நம்மூரில் மூன்று காரணங்கள் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று, கண் திருஷ்டி. இரண்டு, தண்ணீர் ஊற்றியவளுக்குக் கைராசி இல்லை. மூன்றாவதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். "அந்த மூணு நாள்ல தொட்டிருப்பா" என்று அடுப்படியில் கிசுகிசுப்பார்கள். கவனித்தீர்களா, மூன்றில் இரண்டு பெண்கள் தலையில்தான் விழுகிறது. செடியை வாங்கி வந்த ஆண், தொட்டியை நிழலில் வைத்த ஆண், இவர்களுடைய கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தப் பழியை அதிகமாக வாங்கிக் கொடுக்கும் செடி எது என்று கேட்டால் வெர்பினா என்பேன். தெரியாதவர்களுக்காக: தொட்டி ஓரத்தில் படர்ந்து தொங்கும் சின்னச் செடி, பல் பல்லாக வெட்டுப்பட்ட சொரசொர இலை, ஒவ்வொரு தண்டின் நுனியிலும் குட்டிக் குட்டியான ஐந்திதழ்ப் பூக்கள் சேர்ந்த ஒரு கொத்து. சிவப்பு, ஊதா, ரோஸ், வெள்ளை என்று பல நிறம். பொங்கலை ஒட்டி ரோட்டோர நர்சரிகளில் கண்ணைப் பறிக்கும். வாங்கி வந்து மாடியில் வைத்தால் பிப்ரவரி முழுக்கப் பூக்கும். மார்ச் கடைசியில் அடியிலைகள் மஞ்சளாகும். ஏப்ரல் பாதியில் வெறும் குச்சிதான். உடனே வசனம் ஆரம்பம்: "ரெண்டு மாசத்துல சாகடிச்சிட்டியே!"

எங்கள் பெரியம்மா இந்த வசனத்தை மூன்று வருடம் வரிசையாகக் கேட்டார். அதற்கப்புறம் தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். பின்பக்கம் கறிவேப்பிலையையும் முருங்கையையும் இரண்டு செம்பருத்தியையும் ஆளாக்கியதும் அதே கைதான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

என் கட்சி இதுதான். சென்னை மாதிரி ஊரில் வெர்பினா ஏப்ரலில் காய்வது தோல்வியே இல்லை. நெல் அறுத்த பிறகு "வயல் செத்துப்போச்சே" என்று யாராவது அழுகிறோமா? வெர்பினாவும் நமக்கு ஒரு போகச் செடி. பனிக்காலத்தோடு அதன் கணக்கு முடிந்தது.

இதன் பூர்வீகத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். தோட்டத்து வெர்பினா காட்டிலிருந்து அப்படியே எடுத்து வந்த செடி அல்ல. அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் பக்கத்துச் செடிகளை ஐரோப்பியர்கள் கொண்டுபோய், 19ஆம் நூற்றாண்டில் ஒன்றோடொன்று கலந்து உருவாக்கிய கலப்பினம். (தாவரவியலாளர்கள் பலர் இப்போது இதை கிளாண்டுலேரியா என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். விதைப் பாக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பதற வேண்டாம், ஆள் ஒன்றுதான்.) வெளிநாட்டுப் புத்தகங்களில் "வெயில் தாங்கும், வறட்சி தாங்கும், பல வருடம் வாழும்" என்று எழுதியிருக்கும். பொய்யில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் வெயில் வேறு, நம் அக்னி நட்சத்திரம் வேறு. ராத்திரியில்கூட 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத மே மாதத்தை அந்த வரியை எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பெங்களூர்க்காரர்களும் கொஞ்சம் கூடுதல் காலம் வைத்துக்கொள்ளலாம். டெல்லியிலேயே இதைக் குளிர்கால வருடாந்திரச் செடியாகத்தான் வளர்க்கிறார்கள்.

நர்சரிக்காரரைத் திட்டவில்லை. அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் "அம்மா, இது பனிக்காலச் செடி, பங்குனி வரைக்கும்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லலாமே? ரோஜாவோடு ரோஜாவாக வரிசையில் வைத்து விற்றால் வாங்குகிறவர் ரோஜா போல நிற்கும் என்றுதானே நினைப்பார்?

சரி, புலம்பல் போதும். இந்தப் பூ மேல் ஆசையிருந்தால் பூத்த தொட்டியை வாங்காதீர்கள், விதை போடுங்கள். ஜனவரியில் பூத்த செடியை வாங்கும்போது அதன் வாழ்நாளில் பாதியை நர்சரியிலேயே விட்டுவிட்டு மீதியைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஐப்பசி மழை இரண்டு பிடித்து மண் குளிர்ந்ததும் விதைக்கலாம். வெர்பினா விதை கொஞ்சம் பிகு செய்யும். அதற்கு இருட்டு வேண்டும். மண் மேல் தூவிவிட்டு விட்டால் பாதி முளைக்காது. விதை மறையும் அளவுக்கு மெல்லிசாக மண் மூடி, நாற்றுத் தட்டின் மேல் செய்தித்தாளோ அட்டையோ போட்டு வீட்டுக்குள் வைக்க வேண்டும். இரண்டு வாரமும் ஆகும், மூன்று நான்கு வாரமும் ஆகும். பத்தாம் நாள் தோண்டிப் பார்க்கிறவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம். தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் முக்கியம். விதைப்பதற்கு முதல் நாளே மண்ணை நனைத்து வைத்து, மறுநாள் ஈரப்பதமாக இருக்கும்போது விதையுங்கள். மண் சொதசொதவென்று இருந்தால் விதை அழுகும், தப்பி முளைத்ததும் நாற்றழுகலில் போகும். எல்லாம் சரியாகச் செய்தும் பாதிதான் முளைத்தது என்றால் அதற்கும் கை காரணமில்லை, இந்தச் செடியின் முளைப்புத்திறனே குறைவு. முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நாலைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் கிள்ளினால்தான் பக்கக் கிளை வரும், ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு கொத்து வரும். பிறகு தொட்டிக்கு மாற்றலாம். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் மூன்றும் சமபங்கு, தொட்டியில் அடி ஓட்டை கட்டாயம். ஒரு அடிக்கு ஒரு செடி. நெருக்கி வைத்தால் காற்றோட்டம் இல்லாமல் இலை மேல் சாம்பல் நோய் வந்து மாவு பூசின மாதிரி ஆகிவிடும். ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். பனிக்கால வெயில்தானே, தைரியமாக வையுங்கள். பால்கனியில் வெயில் வராது என்றால் இந்தச் செடியே வேண்டாம், குரோட்டன்ஸ், மணி பிளான்ட் என்று ஏதாவது வையுங்கள்.

என் கணிப்பில் நம் வீடுகளில் வெர்பினா சீசன் முடியும் முன்பே செத்தால் முக்கால்வாசிக் காரணம் அன்புதான். காலையில் அம்மா ஒரு சொம்பு, ஆபீஸ் போகும்முன் அப்பா ஒரு சொம்பு, சாயங்காலம் பாட்டி ஒரு சொம்பு. விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், இலையில் படாமல் அடியில். ஈரம் இருந்தால் சொம்பைக் கொண்டுபோய் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள். யூரியாவும் அப்படித்தான். அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், பூ வராது. அசுவினியும் சிலந்திப்பேனும் எட்டிப் பார்த்தால் வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் கலந்து இலையின் அடிப்பக்கம் தெளித்தால் போதும்.

வாடிய கொத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் அடுத்த கொத்து வரும். விட்டுவிட்டால் விதை பிடித்து, பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பூச்சிக் கணக்கு எடுப்பவர்களுக்கு ஒரு தகவல்: பூவின் அடி நீண்ட குழல் என்பதால் நீள உறிஞ்சுகுழல் உள்ள பட்டாம்பூச்சிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

தாவரவியல் மாணவனாக இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. வெர்பினாவின் சொந்தக்காரர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். உண்ணிச்செடி அதே குடும்பம்தான். அதுவும் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் தரையை மூடிக்கொண்டு, மானுக்கும் யானைக்கும் புல் முளைக்க இடம் விடாமல் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து ஏப்ரலில் காயும் வெர்பினாவைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர் ஒழுங்காகக் கிளம்பிப் போகிறாரே என்று நிம்மதியாக இருக்கிறது.

இன்னொரு சொந்தம் பொடுதலை. குளத்தங்கரையிலும் வரப்பிலும் தரையோடு தரையாகப் படரும், பொடுகுக்குத் தைலம் காய்ச்சுவோமே, அதேதான். அதன் பூவை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வெர்பினாக் கொத்தைச் சுருக்கி வைத்தது போலவே இருக்கும். இதில் ஜப்பானில் உருவாக்கிய ஒரு ரகத்தை 'குராப்பியா' என்ற பெயரில் கலிஃபோர்னியாவில் புல்வெளிக்குப் பதிலாக விற்கிறார்கள். நாம் அதைக் களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்துக்கு அழகுச்செடி தேடி நர்சரிக்குப் போகிறோம்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப ஏப்ரல்லேர்ந்து ஐப்பசி வரைக்கும் தொட்டி சும்மா கிடக்கணுமா?" என்றார். நியாயமான கேள்வி. சும்மா கிடக்க வேண்டாம். வெர்பினா காய்ந்ததும் பிடுங்கிவிட்டு, மண்ணைக் கிளறி இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, ஏதாவது வாய்க்கால் ஓரத்திலிருந்து கணுவோடு நாலு பொடுதலைத் தண்டு கொண்டுவந்து ஊன்றுங்கள். தினமும் கொஞ்சம் தண்ணீர் கிடைத்தால் மே மாதத்திலும் பச்சையாக இருக்கும். மழை தொடங்கியதும் பாதியை வெட்டித் தைலத்துக்கு எடுத்துக்கொண்டு, மீதியை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால் வெர்பினா நாற்றுக்கு இடம் தயார்.